அட்டையில் ஏறிய பெயர்

பெங்களூர்
22.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவும் பிள்ளைகளும் நலந்தானே? போனில் பேசினால் நான் அழுகிறேன், நீயும் அழுகிறாய், விஷயம் பாதியில் நின்றுபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் குட்டி தமிழ்நிலாவுக்கு இதயத்தில் ஓட்டை இருப்பது உறுதியாகிவிட்டது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். நாங்கள் ஊரில் எடுத்த அரசு காப்பீட்டு அட்டை இந்த ஆஸ்பத்திரியிலும் செல்லுமாம். ஆனால் அதில் எங்கள் இருவர் பெயர்தான் இருக்கிறது. இவள் இங்கே வந்தபின் பிறந்தவள். "ஊர்ல போய் பேரைச் சேத்துட்டு வாங்க" என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் இந்த நிலைமையில் அவளைப் பயணம் கூட்டிப்போகக் கூடாது என்கிறார் டாக்டர்.

இவர் சென்ட்ரிங் வேலைக்கும் போகாமல் உட்கார்ந்திருக்கிறார். "பொழைக்க வந்ததே தப்பு" என்கிறார். அவளுடைய பிறப்புச் சான்றிதழும் ஆதார் நகலும் இத்துடன் இருக்கின்றன. எனக்காக நீதான் அலைய வேண்டும்.

உன் தங்கை,
சுடர்விழி

கீழ்வேளூர்
1.10.2024

என் சுடருக்கு,

உன் கடிதம் வந்த அன்றே தாலுகா ஆபீசுக்குப் போனேன். "பிள்ளை பெங்களூர்ல பொறந்திருக்கு. நேர்ல கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். வயலுக்கு வந்து நடவு ஆட்களிடம் சொன்னேன். மலர்க்கொடி நாற்றுமுடியைக் கீழே வைத்தாள். "எம் பேத்தியும் திருப்பூர்லதான் பொறந்துச்சு. வா, எல்லாரும் போவோம்" என்றாள்.

நேற்று திங்கட்கிழமை, மனு வாங்கும் நாள். நடவை நிறுத்திவிட்டு வேன் பிடித்து நாகப்பட்டினம் போனோம். அத்தனை பெண்களும் ஒன்றாக உள்ளே போகவும் கூடமே திரும்பிப் பார்த்தது. "குழந்தை எங்கம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆஸ்பத்திரியில இருக்குங்கய்யா. எந்திரிச்சு வர முடிஞ்சா எங்களுக்கு இந்த அட்டை எதுக்குங்க?" என்றேன்.

அவர் சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு, "அப்பா அம்மா பேர் இருக்குல்ல? பிள்ளை எங்க பொறந்தா என்ன?" என்றார். சாயங்காலத்துக்குள் ரேஷன் கார்டிலும் காப்பீட்டு அட்டையிலும் பெயர் ஏறிவிட்டது. புது அட்டையை உன் வீட்டுக்காரர் பரிதி தம்பியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். பிழைக்கப் போனது தப்பில்லை என்று அவரிடம் சொல்.

அக்கா,
மதிவதனி

பெங்களூர்
10.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபரேஷன் முடிந்து எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று போனில் சொன்னேன். சொல்லாததை எழுதுகிறேன். நேற்று பரிசோதனைக்குப் போனபோது வராண்டாவின் அந்தக் கடைசியிலிருந்து தமிழ்நிலா இவரிடம் ஓடி வந்தாள். மூச்சு வாங்கவில்லை. இவர் அவளைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இன்று வேலைக்குக் கிளம்பும்போது விசிலடித்துக்கொண்டே போனார்.

எங்கள் தகரக் கொட்டகை வரிசையில் ராய்ச்சூர்க்காரர்கள், விழுப்புரத்துக்காரர்கள், ஒடிசாக்காரர்கள் இருக்கிறார்கள். பல பிள்ளைகளின் பெயர் எந்த அட்டையிலும் இல்லை. ஞாயிறுதோறும் எல்லாரையும் உட்கார வைத்து அவரவர் ஊருக்குப் போன் போடச் சொல்கிறேன். சில பெயர்கள் ஏறிவிட்டன. மற்றவையும் ஏறும், நான் விடப்போவதில்லை.

போன வாரம் பக்கத்துக் கொட்டகை ராய்ச்சூர்ப் பெண்ணோடு, அவள் பிள்ளைக்காக ஆஸ்பத்திரி கவுண்டருக்குப் போனேன். என்னைத் திருப்பி அனுப்பிய அதே ஆள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "உட்காருங்க அக்கா, இதோ பாக்கறேன்" என்று கன்னடத்தில் சொன்னார். நானும் கன்னடத்திலேயே, "நிதானமா பாருங்க, நாங்க எங்கயும் போகல" என்றேன்.

பொங்கலுக்கு மூவரும் வருகிறோம். வரப்பில் இவள் பின்னாலேயே ஓட ஓர் ஆள் பார்த்துவை. என்னால் முடியவில்லை.

சுடர்