நீ கை வைக்காமல் போன ஹால்

பக்கத்து வீட்டுக்காரர் கராஜைத் திறந்து வைத்துக்கொண்டு எதற்கோ வார்னிஷ் அடித்துக்கொண்டிருக்கிறார். குளிர் இன்னும் முழுதாக விடவில்லை. இருந்தும் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். அந்த வாசனை உள்ளே வந்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நீ இருந்திருந்தால் இந்நேரம் செருப்பை மாட்டிக்கொண்டு அந்த மனுஷர் கராஜுக்குள்ளேயே போய் நின்றிருப்பாய். என்ன மரம், எத்தனை தடவை பூச வேண்டும் என்றெல்லாம் கேட்டுவிட்டு, அவர் வேண்டாமென்று ஒதுக்கின பலகையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருப்பாய். நான் ஜன்னலோடு நின்றுவிடுகிறேன். எனக்கு வருவது அவ்வளவுதான்.

கடிதம் எழுதியே பல வருஷமாகிறது. ஊருக்குக்கூட போன் கார்டு போட்டுப் பேசிவிடுகிறேன். உனக்குப் போன் பண்ண முடியாது, அதனால் எழுதுகிறேன்.

உன்னை முதலில் பார்த்தது எடிசனில், அந்தப் பழைய அபார்ட்மெண்டின் லாண்டரி ரூமில். நான் திருப்பூரிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. துணி உலர்த்துகிற டிரையரின் வட்டக் கண்ணாடிக்கு முன்னால் ஒருத்தி சம்மணம் போட்டு உட்கார்ந்து, டி.வி. பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் கெட்டுப்போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, ரிப்பேருங்களா?"

திரும்பாமலே சொன்னாய். "தமிழா? வா, உக்காரு. அந்தப் பச்சைத் துண்டும் காவி லுங்கியும் ஒண்ணா மேல வரும், பாரு. இரு, இப்ப வரும்."

"உங்க துணிங்களா?"

"யார் துணின்னு யாருக்குத் தெரியும்?"

கொஞ்சம் கழன்ற கேஸ் போலிருக்கிறது என்று நினைத்தபடி என் துணியை அள்ளிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். அடுத்த வாரம் காபிக்குக் கூப்பிட்டாய் என்று வந்தால், உன் சோபாவில் பச்சை விரிப்பு, அதன் மேல் காவித் தலையணை. அன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் எழுந்திருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மாதம் ஒரு தடவை டவுன் குப்பை லாரி வந்து பெரிய சாமான்களை அள்ளிப்போகும். முந்தின நாள் சாயங்காலமே தனி வீட்டுக்காரர்கள் மேஜை, நாற்காலி, கட்டில் என்று வேண்டாததை ரோட்டோரம் வைத்துவிடுவார்கள். உனக்கு அன்றைக்குத்தான் தீபாவளி. உன் வேனை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போவோம். ஒரு தடவை ஒரு வீட்டு வாசலில் வட்ட மேஜை ஒன்று இருந்தது. நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தூக்கிவிட்டோம். உள்ளே இருந்து ஒரு வெள்ளைக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். அவர்கள் எதையும் தூக்கிப்போடவில்லையாம். அன்றைக்குத்தான் குடி வருகிறார்களாம், சாமான் இறக்கிக்கொண்டிருக்கிறார்களாம். போலீஸ் வரும், என் வீட்டுக்காரர் வேலை போகும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று என் மனசில் என்னென்னவோ ஓடியது. நீ மேஜையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"வெல்கம் டு த நெய்பர்ஹுட். வேர் டு யூ வான்ட் இட்?" என்று கேட்டாய்.

அவள் மாடியைக் காட்டினாள். அந்த மேஜையை மாடி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனோம். படியெல்லாம் எனக்குத் திட்டு. "சிரிச்ச மூஞ்சியா தூக்குடி. நாம வெல்கம் கமிட்டி."

உன் வீட்டில் சாமி குடியிருந்தது, யாரோ தூக்கிப்போட்ட டி.வி. அலமாரியில். பின்னால் டி.வி. ஒயர் போவதற்கு இருந்த ஓட்டை வழியாகவே சாமிக்கு லைட் போட்டாய். கதவைச் சாத்தினால் சாமி தூங்குகிறார், திறந்தால் முழித்துக்கொள்கிறார் என்றாய். பாஸ்மதி அரிசி வந்த சணல் பையைப் பிரித்து, அதில் அச்சடித்திருந்த யானை சரியாக நடுவில் வரும்படி திண்டு உறை தைத்தாய். ஓக் ட்ரீ ரோட்டுக் காய்கறிக் கடையில் ஒரு நாள் கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். புழு பார்க்கிறாய் என்று நானும் கூட நின்று பார்த்தேன். நீ பார்த்தது அந்த ஊதாவையும் காம்பில் இருந்த பச்சையையும். அப்படித்தான் உன் ஜன்னலுக்கு ஊதாத் திரை வந்தது, தலைப்பில் ஒரு சாண் பச்சையோடு. கத்தரிக்காய் வாங்காமலே வந்துவிட்டோம். கடைக்காரர் முறைத்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள், எங்கே வாங்கினீர்கள் என்று. "இங்கதான், பக்கத்துலயே. கடைக்குப் பேர் கிடையாது. மாசத்துல ஒருநாள்தான் தொறப்பாங்க" என்பாய். நிஜமாகவே தேடிப் போனவர்கள் உண்டு.

எனக்கு இதெல்லாம் வராது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. அத்தை மகன், இன்ஜினியர், சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று கட்டிவைக்கிற வரைக்கும் அதைத்தான் பார்த்தேன். மேஜை மேல் வந்து விழுகிற பனியனை விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது என்று பார்த்துப் பார்த்து ஒதுக்க வேண்டும். நன்றாக இருப்பதைப் பார்க்க யாரும் சம்பளம் தரவில்லை. கண்ணுக்கு அதுவே பழகிப்போய்விட்டது. ரோட்டோரத்தில் நீ "என்ன அழகுடி இது" என்று நிற்பாய். நான் குனிந்து பார்த்துவிட்டு, கால் ஆடுகிறது, பூச்சி அரித்திருக்கிறது, பூனை மூத்திர நாற்றம் அடிக்கிறது என்பேன்.

"வாயைத் தொறந்தா ரிஜெக்ட்தான் உனக்கு" என்று சிரிப்பாய். ஆனால் ஒரு மாதம்கூட என்னை விட்டுவிட்டுப் போனதில்லை. ஏன் கூட்டிக்கொண்டு போனாய் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

போன கோடை முடியும்போது இந்த வீட்டை வாங்கினோம். பால் காய்ச்சின அன்றைக்கு எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு நீ மட்டும் போகவில்லை. ஒன்றுமே இல்லாத ஹாலின் நடுவில் பட்டுச்சேலையோடு மல்லாந்து படுத்துக்கொண்டாய். சுவரையும் ஜன்னலையும் ரொம்ப நேரம் பார்த்தாய்.

"இந்த ஹாலை என்கிட்ட விட்டுடு. ஒரு சாமான் வாங்காதே. எனக்கு ஒண்ணு தெரியுது."

"என்ன தெரியுது? சொல்லு."

"சொன்னா நீ ரிஜெக்ட் பண்ணிடுவே. வர்றப்ப பாரு."

அடுத்த மாதமே தலைவலி என்று படுத்தாய். மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கினால் சரியாகிவிடும் என்று நீயே போனில் சொன்னாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது உனக்கு நினைவு இல்லை. அப்புறம் வரவும் இல்லை. உன் முகத்தைக் கடைசியாகப் பார்த்தபோதும், எல்லோரும் அழுதுகொண்டிருக்க, என் மனசுக்குள் ஒரே கேள்விதான் கிடந்தது. உனக்கு என்ன தெரிந்தது? ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? இதைப் போய் யாரிடம் சொல்வது? சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

உன் வீட்டுக்காரர் ஹூஸ்டனில் இருக்கும் தம்பியோடு போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு பெட்டிதான் எடுத்துக்கொண்டார். மிச்சம் எல்லாம் ரோட்டோரத்துக்கு வந்தது. நீ எங்கெங்கிருந்தோ பொறுக்கிக்கொண்டு வந்து ஆளாக்கினதெல்லாம் மறுபடி ரோட்டோரத்துக்கே வந்து நின்றது. நான் என் வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன்.

"மாமா, அந்தச் சாமி அலமாரிய மட்டும் எடுத்துக்கலாமுங்க."

"பால் காய்ச்சி முழுசா ரெண்டு மாசம் ஆகல புள்ள. செத்தவங்க சாமானை ஆராச்சும் புது ஊட்டுக்குள்ள கொண்டாருவாங்களா? ஊர்ல கேட்டா என்ன பதில் சொல்றது?"

"அவ சாமானுங்க மாமா."

"அவ சாமான்தான், அதுக்காவத்தான் சொல்றேன்."

காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பிக்கப் வண்டியில் வந்த ஓர் ஆள் அலமாரியைத் திறந்து பார்த்தார். உள்ளே குங்குமக் கறை. விரலால் தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கறையைத் தேய்த்துத் தேய்த்துப் போக்கியிருப்பார். அது என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்?

அதற்கப்புறம் இந்த ஹால் என்னைப் படுத்தியது கொஞ்சம் இல்லை. வருகிறவர்கள் எல்லாம் ஒரு வார்த்தை வைத்துவிட்டுத்தான் போனார்கள். "என்னக்கா, பசங்க கிரிக்கெட் ஆடலாம் போல இருக்கே." "வீட்டை வாங்கிட்டு உக்கார எடமில்லாம வச்சிருக்கீங்களே ஆன்ட்டி." இவருக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. குளிர் விடுவதற்குள் சோபா செட் வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

நீ செய்தது போலவே செய்து பார்த்தேன். டிரையர் முன்னால் போய் உட்கார்ந்தேன். இந்த வீட்டு டிரையருக்குக் கதவெல்லாம் தகரம், கண்ணாடியே இல்லை. காய்கறிக் கடைக்குப் போய்க் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்தேன். புழுதான் தெரிந்தது. லாரி வருவதற்கு முந்தின நாள் தனியாகத் தெருத் தெருவாக நடந்து, கடைசியில் ஒரு மர ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து ஹாலில் நிறுத்தினேன். நீ நிறுத்தியிருந்தால் அது வேறு என்னவோ ஆகியிருக்கும். நான் நிறுத்தினது, வெள்ளையடிக்க வந்தவன் மறந்துவிட்டுப் போன ஏணி போல இருந்தது. மறுநாள் லாரி வருவதற்கு முன்னால் அதே இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். திரும்பி வரும்போது வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டு வந்தேன், வாய்விட்டே. நாயோடு வந்த ஒரு மனுஷர் எனக்கு வழிவிட்டு ரோட்டின் அந்தப் பக்கம் போய்விட்டார்.

சனிக்கிழமை இவர் என்னை ஷோரூமுக்குக் கூட்டிப்போனார். சோபா, அதற்கு முன்னால் மேஜை, இரண்டு பக்கமும் விளக்கு, எல்லாம் சேர்ந்த செட். டை கட்டின பையன் ஒருத்தன் கூடவே வந்தான். நான் மண்டி போட்டு மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். அவன் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து அவனும் குனிந்தான்.

"மாமா, இது மரமில்லீங்க. மரத்தூளை ஒட்டி, மேல மரமாட்டம் காகிதம் சுத்தியிருக்குது. மூலையில உரிஞ்சிருக்குது பாருங்க."

"ஷோரூம் பீஸ் புள்ள. நமக்குப் புதுசா வரும்."

"புதுசா வந்து, நம்மூட்ல உரியுமுங்க."

"எல்லார் ஊட்லயும் இதேதான் இருக்குது. அவங்களெல்லாம் முட்டாளா?"

"எல்லார் ஊட்லயும் இருக்குதில்லீங்களா, அதான் வேண்டாங்கிறேன்."

இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பையன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப உனக்கு என்னதான் வேணும், அதையாச்சும் சொல்லு" என்றார் இவர். என்ன வேண்டாம் என்று எனக்குத் தெரிகிறது. என்ன வேண்டும் என்பதை நீதானே எடுத்துக்கொண்டு போய்விட்டாய். கையெழுத்துப் போடாமல் வந்தோம்.

திங்கட்கிழமை காலை எங்கள் பாப்பாவை பஸ் ஏற்றப் போய் நின்றேன். தள்ளிக் குவித்த பனி ரோட்டோரமெல்லாம் சாம்பலும் கரியுமாகக் கிடந்தது. வானமும் அதே நிறம், மரமெல்லாம் குச்சி. வளைவில் ஸ்கூல் பஸ் திரும்பியது. பாப்பா கிண்டர்கார்டன் சேர்ந்ததிலிருந்து பார்க்கிற பஸ்தான். அன்றைக்கு அந்த மஞ்சள், அத்தனை அழுக்குக்கும் நடுவில் ஒன்றுக்கும் பயப்படாமல் வந்தது. நான் அசையாமல் நின்றேன்.

"மா, வாட் ஆர் யூ லுக்கிங் அட்?"

"பஸ்ஸைப் பாக்கறேன் கண்ணு."

"இட்ஸ் ஜஸ்ட் எ பஸ், மா." ஏறிப் போய்விட்டாள். பஸ் போன பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்குள் போகாமல் காரை எடுத்துக்கொண்டு நேராகப் பெயிண்ட் கடைக்குப் போனேன். எந்த மஞ்சள் என்று கேட்டார்கள். எனக்கு நிறத்துக்கு இங்கிலீஷில் பேர் தெரியாது. "ஸ்கூல் பஸ்" என்றேன். கலந்து கொடுத்துவிட்டார்கள். பாப்பா வருவதற்குள் ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் முழுவதையும் அடித்துவிட்டேன். சேலையெல்லாம் மஞ்சள். தோள் விட்டுப்போயிற்று. சாயங்காலம் இவர் வந்து கதவைத் திறந்ததும் பையைக் கீழே வைக்காமல் நின்றார்.

"என்ன புள்ள இது, ஸ்கூல் பஸ்ஸாட்டம்."

"ஆமாங்க. பஸ்ஸேதான்."

"கண்ணு கூசுது" என்றார். அதற்கப்புறம் சோபா பேச்சை எடுக்கவில்லை. ஹாலில் இன்னும் உட்கார ஒன்றும் கிடையாது. வருகிறவர்கள் இப்போது கிரிக்கெட்டை விட்டுவிட்டுச் சுவரைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்குத் தரையில் படுத்துக்கொண்டு நீ பார்த்தது இது இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். நீ பார்த்தது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த ஆத்திரம் எனக்கு ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை. உன்னோடு போட்டிருக்க வேண்டிய சண்டை ஒன்று என் நெஞ்சில் அப்படியே இருக்கிறது. அதைத்தான் எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு திரிகிறேன். நீ இருந்திருந்தால் இந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் குறைச்சுக்கடி, பாதிக்குப் பாதி வெள்ளை கல" என்றிருப்பாய். நான் முடியாது என்று கத்தியிருப்பேன். நீயும் கத்தியிருப்பாய். கடைசியில் நீ சொன்னதைத்தான் கேட்டிருப்பேன்.

குறைக்கச் சொல்ல ஆள் இல்லை. முழுசாக அடித்துவிட்டேன்.