மீன் தலை தின்ற தியாகி

மாங்காட்டுவிளை
13 மே 2025

மகள் பிரீனாவுக்கு அம்மா எழுதுவது.

நீ சுகமாக இருப்பது நீ போடுகிற படங்களிலேயே தெரிகிறது, அதனால் விசாரிக்கவில்லை. நானும் சுகமாகத்தான் இருந்தேன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தொடங்கும் வரைக்கும்.

போனில் பேசாமல் கடிதம் ஏன் என்று கேட்பாய். மரச்சீனிக் கிழங்கை அவித்து மசித்து மயக்குவது எப்படி என்று நீ கேட்டதற்கு நான் குரல் பதிவு அனுப்பினேன். நீ அதற்குப் பின்னால் புல்லாங்குழலை ஊதவிட்டு உலகத்துக்கே போட்டுக் காட்டினாய். காகிதத்துக்குப் புல்லாங்குழல் வைக்க முடியாது. இனி உனக்குக் காகிதம்தான்.

அன்னையர் ஞாயிறு அல்லவா, ரசலையன் உபதேசியார் பிரசங்கத்தின் நடுவில் போனை எடுத்தார். வேத வசனம் பார்க்கிறார் என்று நினைத்தேன். நீ உன் முகநூல் பக்கத்தில் எழுதியதை வாசிக்கத் தொடங்கினார். 'என் அம்மா என்னும் மெழுகுவர்த்தி.' ஒரு எழுத்து விடாமல், குரல் தழுதழுக்க வாசித்து முடித்துவிட்டு, "சகோதரி பூங்கனி எழும்பி நிக்கணும்" என்றார். நின்றேன். சபை முழுவதும் கைதட்டியது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, மின்விசிறியைப் பார்த்தேன். பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்கிற பிளஸ்ஸி மூக்கைச் சிந்திக்கொண்டு, "பூங்கனியக்கா, இவ்ளோ கஷ்டத்தையும் உள்ளுக்குள்ள வச்சிட்டா நடந்திய? ஒரு வார்த்த பறஞ்சதில்லியே!" என்றாள்.

என்ன கஷ்டம் என்று எனக்கே தெரியாதபோது நான் எப்படிப் பறைவது? வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தேன்.

மீன் வாங்கினால் சதையெல்லாம் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு அம்மா தலையை மட்டும் தின்பாராம். ஏட்டி, உனக்கு மூளை உண்டா? இனயம் கடற்கரையிலிருந்து வருகிற விளமீனின் தலை, அதில் கன்னத்துச் சதை, கண்ணைச் சுற்றியிருக்கும் கொழுப்பு, இதைவிட ருசியான ஒன்றை நான் இன்றுவரை தின்றதில்லை. உன் அப்பா, "பூங்கனி, ஒரு கண்ணையாவது இங்கோட்டு தாட்டி" என்று கெஞ்சுவார். கொடுத்ததில்லை. தலையைத் தின்னத் தெரியாதவர்களுக்குத்தான் சதை. கடலோர ஜில்லாவில் பிறந்து வளர்ந்தவள் மீன் தலையைத் தியாகம் என்று எழுதுகிறாய் என்றால் உன்னை வளர்த்தவளைத்தான் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுப்பதற்காக அம்மா வெளுத்துப்போன ஒரே சேலையில் காலம் தள்ளினாராம். தேன்பெட்டி திறக்கப் போகும்போது கறுப்பும் கருநீலமும் கட்டினால் தேனீ கொட்டிக் கொன்றுவிடும், வெளிர்நிறம்தான் கட்ட வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! நல்ல சேலையெல்லாம் அலமாரியில்தான் இருந்தது. ஈக்கு முன்னால் நான் யாருக்குப் பட்டுடுத்திக் காட்ட?

அப்புறம், கோழி கூவுமுன் எழுந்து எங்களுக்காக உருகினார் என்று ஒரு வரி. அந்த ஒரு நேரத்தில்தான் இந்த வீட்டில் யாரும் என்னைக் கூப்பிட மாட்டீர்கள். பால் விடாமல் கட்டன்சாயா போட்டு வைத்துக்கொண்டு வாரப் பத்திரிகையில் தொடர்கதை வாசிப்பேன். உருகியது உண்மை. அந்தக் கதையில் வந்த பிள்ளைக்காக உருகினேன். உங்களுக்காக அல்ல.

தேனடை மெழுகை உருக்கி விற்கிறவள் நான். என்னிடமே மெழுகுவர்த்திக் கதை சொல்லாதே. அந்தப் பதிவை எடுத்துவிடு.

உருகாமல் முழுசாக இருக்கும்
அம்மா பூங்கனி


லீட்ஸ்
3 ஜூன் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். உறையைப் பிரித்ததோடு அது தீர்ந்தது.

அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதியதற்குத் திட்டு வாங்குகிற மகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதை வாசித்துவிட்டு எவ்வளவு பேர், 'எங்க அம்மாவும் இப்படித்தான்' என்று எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? அவர்கள் எல்லாரும் முட்டாள்கள், நீங்கள் ஒருவர்தான் விவரமானவர், அப்படித்தானே? பதிவை எடுக்க மாட்டேன்.

போனில் சொல்லலாம் என்று இருந்தேன், நீங்கள் எடுப்பதில்லை, இதிலேயே எழுதுகிறேன். செப்டம்பரில் நான் ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்ப வேண்டும். வார்டில் எனக்கு இடம் வைத்திருக்கிறார்கள், தள்ளிப்போட முடியாது. உங்கள் பேரன் அனிஷுக்கு அப்போது பத்து மாதம்தான் ஆகியிருக்கும். என் மாமியார், ஷாஜானின் அம்மா, பிரசவத்துக்கு வந்து ஆறு மாதம் இருந்து பார்த்தார். விமானம் ஏறும்போது, "இனி உனக்க அம்மைக்க முறை, கேட்டியா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஷாஜான் உங்கள் விசாவுக்கான வேலையைத் தொடங்கிவிட்டார்.

அப்பா போன பிறகு அந்த வீட்டில் உங்களுக்கு என்னம்மா இருக்கிறது? ஈப்பெட்டிகளைப் பக்கத்து வீட்டுச் செல்வதாஸ் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். இந்த வயதில் புகை போட்டு, கொட்டு வாங்கி, எதற்கு இந்தப் பாடு? இங்கே தமிழ் ஆராதனை உண்டு, வீட்டுக்குள் குளிர் தெரியாது. எல்லாருடைய அம்மாவும் வருகிறார்கள். நீங்கள் வராவிட்டால் ஷாஜான் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அன்புடன்
பிரீனா


மாங்காட்டுவிளை
24 ஜூன் 2025

மகளுக்கு,

முதலில் கைதட்டு, பிறகு விசா. கிடாவுக்கு மாலை போடுவது எதற்கு என்று கிடாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டாய். இடவப்பாதி மழை விடாமல் பெய்கிறது. ரப்பர் மரத்தில் இப்போது தேன் கிடையாது, ஈ பட்டினி. சீனிப் பாகு காய்ச்சி ஒவ்வொரு பெட்டிக்கும் வைக்கிறேன். பாகு வாசத்துக்கு எறும்பு ஏறும், கவனிக்காமல் விட்ட பெட்டியில் மெழுகுப்பூச்சி புகுந்து தேனடையை நாசமாக்கும். தெற்கு வேலிப் பக்கத்துப் பெட்டியில் ராணி சரியில்லை, மாற்ற வேண்டும். செல்வதாஸிடம் நீ சொன்னதைச் சொன்னேன். "ஐயோ அக்கா, எனக்க பெட்டியயே நோக்க முடியாம கிடக்கேன், உங்களுக்க ஈ எனக்கு வழங்காது" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

பாடகர் குழுவில் அறுப்பின் பண்டிகைக்குப் புதுப் பாட்டு படிக்கிறோம். இரண்டாம் குரலில் சுருதி விடாமல் பாடுகிறவள் நான்தான், மற்றவர்கள் எல்லாம் என் வாயைப் பார்த்துப் பாடுகிறார்கள். பிளஸ்ஸி எனக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லித் தருகிறாள். போன வாரம் ரசலையன் உபதேசியாரின் வேலியில் கொண்டு மோதினேன். வேண்டுமென்று மோதவில்லை, ஆனால் வருத்தமும் இல்லை.

இதெல்லாம் உனக்கு ஒன்றுமில்லாததாகத் தெரிகிறது. அம்மா என்றால் யாராவது கூப்பிடும் வரை மூலையில் சாத்திவைத்த விளக்குமாறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

'இனி உன் அம்மாவின் முறை' என்றாராம் உன் மாமியார். இதென்ன, குடும்பக் குளத்திலிருந்து தண்ணீர் பாய்ச்சுகிற முறையா? பிள்ளை உங்கள் இரண்டு பேருடையது. கிழவிகள் மட்டும் முறை வைத்து விமானம் ஏறுவது எதற்கு? ஷாஜானின் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஜங்ஷனில் பேப்பர் வாசித்துக்கொண்டுதானே இருக்கிறார்? அவரை ஏன் ஒருவரும் அழைக்கவில்லை? அவர் மெழுகுவர்த்தி இல்லையோ! ஷாஜானுக்குக் கை கால் இருக்கிறது, விசா எழுதத் தெரிகிறது, பிள்ளைக்குத் துணி மாற்றத் தெரியாதா?

அவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டாய். சொல்லட்டும். அதைக் கேட்க நான் அங்கே இருக்க மாட்டேன்.

வரமாட்டேன் என்பதைச் சுற்றிவளைக்காமல் எழுதிவிடுகிறேன். வரமாட்டேன்.

அம்மா பூங்கனி


லீட்ஸ்
19 ஜூலை 2025

அம்மா,

சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறீர்கள். ஷாஜானுக்கு வாசித்துக் காட்ட முடியாமல் நான் ஒளித்து வைத்தேன். எறும்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், பூச்சியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அனிஷுக்குப் பல் முளைத்ததா, தவழுகிறானா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் ஈயைவிட அவன் கேவலமா?

கோபத்தில் இன்னும் என்னென்னவோ எழுதிக் கிழித்துப் போட்டேன். இப்போது எழுதுவதைக் கிழிக்கப் போவதில்லை.

போன வாரம் அனிஷ் நிறுத்தாமல் அழுதான். பால் கொடுத்தேன், துணி மாற்றினேன், தூக்கிக்கொண்டு நடந்தேன். நான் ஒரு நர்ஸ், அவனுக்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு கட்டத்தில் அவனைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, அழுகை கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஷாஜான் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் எழுந்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவனை மடியில் வைத்துப் படம் எடுத்து, 'தாய்மை ஒரு வரம்' என்று எழுதிப் போட்டேன். எல்லாருக்கும் பிடித்திருந்தது.

வேலைக்குத் திரும்பப் போகிற நாளை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. யார் யாருக்கோ புண் கழுவப் போவதற்கு ஏங்குகிறேன், பெற்ற பிள்ளையோடு இருக்க முடியவில்லை. இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இங்கே ஒரு ஆள் இல்லை.

நீங்கள் எல்லாவற்றையும் மனசோடு செய்தீர்கள் என்று நம்பித்தான் அந்தப் பதிவை எழுதினேன். அப்படி ஒருத்தி வந்து பார்த்தால், என்னிடம் இல்லாதது அனிஷுக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன். நீங்களோ அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் நான் யாரைக் கூப்பிட வேண்டும்?

இதற்குப் பதில் வேண்டாம்.

பிரீனா


மாங்காட்டுவிளை
9 ஆகஸ்ட் 2025

மக்களே, பிரீனா,

பதில் வேண்டாம் என்றாய். உன் சொல் கேட்டு நடக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

நீ எழுதியதிலேயே வாசிக்கத் தகுந்தது இந்தக் கடிதம்தான். மெழுகுவர்த்தியை எழுதியவளா இதையும் எழுதினாள் என்று இருந்தது. யாருக்கும் காட்டவில்லை, பிளஸ்ஸிக்குக்கூட. ரசலையன் உபதேசியார் இதைப் பிரசங்க பீடத்தில் நின்று வாசிக்கட்டும் பார்ப்போம். வாசிக்க மாட்டார். சபையில் இருக்கிற பெண்கள் பாதிப் பேர் எழுந்து நின்றுவிடுவார்கள்.

ஏட்டி, பைத்தியமே, பிள்ளையோடு இருந்து அலுத்துப்போகாத அம்மாவை எங்கே பார்த்தாய்? போனில்தான் பார்த்திருப்பாய். நீ பேசத் தொடங்கும் வரைக்கும் உன்னோடு இருப்பது எனக்குப் பெரிய சலிப்பு. நீ தின்பாய், துப்புவாய், அழுவாய், வேறொன்றும் தெரியாது. பேச்சு வந்த பிறகு பரவாயில்லாமல் இருந்தது. வளர்ந்த பிறகு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் உன்மேல் பிரியம் இல்லாமல் ஒருநாளும் இருந்ததில்லை. பிரியம் வேறு, பிள்ளைக்குக் காவல் இருப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து விற்கிறவர்களின் பேச்சைக் கேட்டு, உன்னிடம் என்னவோ குறைகிறது என்று நீயே முடிவு கட்டியிருக்கிறாய். உன்னிடம் ஒன்றும் குறையவில்லை, புத்தியைத் தவிர.

அனிஷைப் பற்றி நான் கேட்கவில்லை என்றாய். பல் கீழே இரண்டு முளைத்திருக்கிறது, தவழும்போது இடது காலை இழுக்கிறான். நீ போடுகிற படம் ஒவ்வொன்றையும் பார்க்கிறேன். எழுத்தைத்தான் வாசிப்பதில்லை.

நான் வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? நீ வேலைக்குப் போவாய். நான் உன் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். பிள்ளைக்கு அதில் என்ன லாபம்? அதனால் வரவில்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை.

நீ வேலைக்குப் போ. மனசு சந்தோஷமாக இருக்கிறது என்றால் சந்தோஷமாகவே போ, அதற்கு மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிப் போடாதே. அவனைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் விடு. கூட்டிக்கொண்டு வருவது ஷாஜானின் வேலை. முடியாது என்றால் என்னிடம் போனில் பேசச் சொல், அவனுக்காக எடுக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மூன்று பேரும் இங்கே வாருங்கள். உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. பிள்ளையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன், நீ படுத்து உறங்கு. படம் எடுக்கக் கூடாது.

முதல் நாள் வாசலில் விட்டுவிட்டு நீ நடக்கும்போது அவன் ஊரே கேட்கக் கத்துவான். திரும்பிப் பார்க்காதே. நீயும்தான் கத்தினாய், நான் பெட்டி திறக்கப் போகிற நாளெல்லாம், வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட. நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. நீ செத்தா போனாய்? இங்கிலாந்துக்கே போய்விட்டாய்.

உன் அம்மா
பூங்கனி