சீலை கட்டிய படம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் நோ குறைந்ததா? நான் சுகம்.

உகண்டாவில் காணி பறிகொடுத்த சனங்களுக்காக வழக்காடி, கொலை மிரட்டலால் இங்கே எங்கள் அமைப்பின் பாதுகாப்பில் ஒளிந்திருந்தாளே, சட்டத்தரணி அகெல்லோ? பொங்கலன்று அவளுக்கு உங்கள் சீலையைக் கட்டிவிட்டு எடுத்த படத்தை, நீங்கள் சித்தப்பாவுக்கு அனுப்பினீர்கள். அவர் "எங்கட பிள்ளை ஒடென்சேயில, சிநேகிதியோட" என்று முகநூலில் போட்டுவிட்டார். உங்களில் பிழையில்லை. அவள் படத்தை யாருக்கும் அனுப்பக்கூடாது என்ற அமைப்பின் விதி தெரிந்தும் உங்களுக்கு அனுப்பியது நான்தானே.

பயப்படாதீர்கள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருக்கும் ஊர் வெளியே தெரிந்ததால் வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். எங்கே என்று எனக்கும் சொல்லமாட்டார்கள். போகும்போது, "அம்மாவை ஏசாதே" என்றாள்.

படத்தை எல்லோரையும் அழிக்கச் சொல்லுங்கள். மிளகாய்த்தூள் இனி ஒரு பைக்கற் அனுப்பினால் போதும், ஒருத்திக்குத்தானே.

வேலைக்கு நேரமாகிறது. சீலையை அவள் கொண்டுபோய்விட்டாள். தனியே கட்டத் தெரியாது அவளுக்கு.

உங்கள்
மேனுஜா