இரண்டாம் பரிசு ரோஜா

மச்சானுக்கு,

தோட்டச் சங்கத்தின் ஐம்பதாண்டு வரலாற்றை நான்தான் எழுத வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். எழுதலாம். உங்கள் தங்கையின் கடைசி ஆண்டில், தலைவரான நீங்களே அவளுடைய ரோஜாவுக்கு இரண்டாம் பரிசு கொடுத்ததையும் எழுதுவேன். சம்மதமா?

உறுப்பினர் இறந்தால், அவர் தோட்டத்திலிருந்து ஆளுக்கொரு குச்சி வெட்டிக்கொண்டுபோய் நடுவது சங்கத்தின் வழக்கம். அவள் போன மறுவாரமே எல்லோரும் கத்தரியோடு வந்து நின்றீர்கள்.

“செடியையாவது விட்டு வைங்கய்யா” என்றேன்.

“அழாதீங்க மாப்ளே, அவ எங்க போயிட்டா? இனிமே தெரு பூரா அவதான்” என்றீர்கள்.

பலித்துவிட்டது. பால் வாங்கப் போனால் தையல்காரர் வீட்டு மதிலில் அவள் வாசனை. பல் மருத்துவர் வாசலிலும் அதே வாசனை. தெருமுனை திரும்பினால் பின்னாலேயே வருகிறாள். இப்போதெல்லாம் சாக்கடைச் சந்து வழியாகத்தான் போய்வருகிறேன்.

நம் வீட்டுச் செடி இந்த மழையில் வேர் அழுகிச் செத்துவிட்டது. ஊரெல்லாம் இருப்பவள் இங்கே மட்டும் இல்லை.

மற்றவர்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்கள் வீட்டுச் செடியிலிருந்து ஒரு குச்சி கொடுத்தனுப்புங்கள். நீங்களே கொண்டுவந்தால் பேசமாட்டேன். கதவு மட்டும் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
இரண்டாம் பரிசுக்காரியின் கணவன்