நீ தூக்கிப் போட்ட பூந்தொட்டி

அத்தை,

காலையில் மாடிக்குப் போனேன். தெர்மாகோல் மீன் பெட்டியில் உருகிக் கிடந்த ஐஸ் தண்ணீரும் ஈர மண்ணும் சேர்ந்து குப்பென்று ஒரு வாசனை. உன் சேலைதான் ஞாபகம் வந்தது. தொட்டியைப் பார்த்தால், நடுத்தண்டில் ஒரு மொட்டு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. "அத்த, இங்க வந்து பாரேன்" என்று திரும்பிவிட்டேன். நீ செத்து முதல் திவசம்கூட இன்னும் வரவில்லை, அதற்குள் மறந்துபோகிறது பார்.

கீழே இறங்குவதற்குள் போன் அடித்தது. உன் பிள்ளை, என்னைக் கட்டினவன். "மத்தியானம் வரேன். என் ஆத்தா வூடு. கதவத் தொறந்து வையி" என்றான். அவன் என்றுதான் எழுதுவேன், அவர் என்று எழுதக் கை வரவில்லை.  உலை வைக்காமல் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்தச் செடியின் விதையைக் கொண்டு வந்ததும் அவன்தானே. கப்பலில் வேலை பார்த்த நல்ல காலம் அது. ஏதோ ஒரு குளிர் தேசத்துத் துறைமுகத்தில் வாங்கியது என்று, பூப்படம் போட்ட உறையை உன் மடியில் போட்டான். கொலம்பைன் என்று எழுதியிருந்தது. நீ ஒருநாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. கப்பல்காரன் பூ, அவ்வளவுதான் உனக்கு. பனி கொட்டுகிற ஊர்ச் செடி காசிமேட்டு வெயிலில் நிற்குமா என்று கேட்டேன். "ஐஸுக்கா பஞ்சம் நம்மாண்ட?" என்று சிரித்தாய்.

ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவளுக்கு எல்லா நோய்க்கும் ஐஸ்தான் மருந்து. விதையை ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வஞ்சிரத் துண்டுக்குப் பக்கத்தில் வாரக்கணக்காக வைத்தோம். முளைத்ததும் தொட்டியை மீன் பெட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் ஐஸைக் கொட்டினாய். ஆனால் என்ன ஐஸ்? கூடையின் அடியில் மீனோடு கிடந்து கடல் தண்ணீரில் ஊறிய ஐஸ். அது உருகித் தொட்டியின் ஓட்டை வழியாக ஏறி, இலையெல்லாம் ஓரம் கருகி, மண்மேல் வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்துவிட்டது. ஒரு நாற்றுகூடப் பிழைக்கவில்லை. "ஐயோ, கருவாடு போடறாப்பல உப்பு போட்டுக் கொன்னுட்டனே" என்று தலையில் தலையில் அடித்துக்கொண்டாய்.

மறுவருஷம் இன்னும் கொஞ்சம் விதையைப் போட்டு, ஐஸ் ஃபேக்டரியிலிருந்தே கோணியில் கட்டி கட்டியாய்ப் பார் ஐஸ் தூக்கி வந்தாய். மரக்கட்டையை ஓங்கி நீ அதை உடைப்பதைப் பார்க்கவே எனக்குப் பயம். பல்லைக் கடித்துக்கொண்டு, சில்லு முகத்தில் தெறிக்கத் தெறிக்க, யாரையோ கொல்கிற மாதிரி உடைப்பாய். யாரை நினைத்துக்கொண்டு உடைத்தாய் என்று எனக்குத் தெரியும். அதற்குள் அவனுக்குக் கப்பல் வேலை போய்விட்டது. குடி. நீ ஏலத்துக்குப் போகிற நேரம் பார்த்து என்னை அடிப்பான். பெல்ட்டு, குக்கர் மூடி, கையில் கிடைத்தது எல்லாம். ஒருதடவை என் தலைமுடியைப் பிடித்துக் கதவில் மோதியதில் பல் உடைந்தது. திரும்பி வந்ததும் நீ புது ஐஸைத் துணியில் கட்டி என் கன்னத்தில் வைப்பாய். "மொதல்ல உனுக்கு. மீதிதான் செடிக்கு."

அது பூத்த நாள் காலையில் நீ துறைமுகத்துக்கே போகவில்லை. நீலமும் வெள்ளையுமாய், பின்பக்கம் வால் வாலாய் நீட்டிக்கொண்டு தொங்கியது. "தோ பார்றீ, கடம்பா மாதிரி கீது" என்று கணவாய் மீனைச் சொல்லிக் குழந்தை மாதிரி கை தட்டினாய். தெருவுக்கே கேட்க, "எம்புள்ள குட்த்த பூ" என்று கத்தினாய். சத்தத்தில் எழுந்துதான் அவன் மேலே வந்தான். முந்தின ராத்திரிச் சரக்கு இறங்காத கண். "சோறாக்காம இன்னாடி இளிச்சிகினு கீற?" என்றவன், உன் கண் முன்னாலேயே என் வயிற்றில் உதைத்தான். விழுந்தவளின் கழுத்தில் காலை வைத்து மிதித்தான். மூச்சு நின்று, கண்ணுக்கு முன்னால் கறுப்பு கறுப்பாய் வந்தது. செத்தேன் என்றுதான் நினைத்தேன்.

ஐஸ் உடைக்கிற கட்டை அவனுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. உன் கைக்கு எட்டியது தொட்டிதான். ஒரு நொடி பூவைப் பார்த்தாய். நான் கீழே கிடந்தபடியே அதைப் பார்த்தேன் அத்தை. அப்புறம் இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி அவன் மண்டையில் போட்டாய். சிமெண்ட் தொட்டி. சத்தம் இன்னமும் என் காதில் இருக்கிறது. மண்ணும் ரத்தமுமாய் அவன் சுருண்டு விழ, "இன்னொருதபா அவ மேல கால் வச்ச, பெத்தவளே கொன்னுடுவேண்டா கஸ்மாலம்!" என்று மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாய். ஆட்டோ பிடித்து அவனை மடியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நீதான். யார் அடித்தது என்று டாக்டர் கேட்டதற்கு, "நான்தான். எம்புள்ள. இன்னா இப்போ?" என்றாயாம்.

சேதி கேட்டு என் அண்ணன் என்னைக் கூட்டிப்போக வந்தபோது வாசலை மறித்துக்கொண்டு நின்றாய். "அவ இன்னாத்துக்குப் போவணும்? அட்ச்சவன் போவட்டும்." தையல் பிரித்ததும் அவனை அனுப்பியே விட்டாய்.

தொட்டி உடைந்த அன்று சாயங்காலம் மண்ணில் நசுங்கிக் கிடந்த பூவை எடுத்துக் கழுவி டம்ளரில் வைத்துக்கொண்டு அழுதாய். பூவுக்கும் அழுதாய், அவனுக்கும் அழுதாய். மிச்ச விதையைப் போட்டு எவ்வளவோ பார்த்தாய். இலை வந்தது, தழைத்தது, உன் காலத்தில் மறுபடி பூக்கவே இல்லை. உனக்குக் கொள்ளி வைக்க வந்தவன் நெற்றியில் தழும்பைப் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் போகும்போது என்னைப் பார்த்து, "கெய்வி போய்ட்டா, இனிமே யார்றீ உனுக்கு?" என்று சிரித்தான்.

வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. தெருமுனையில் பஸ் நின்று கிளம்புகிற சத்தம் கேட்கிறது. கதவைத் தாழ் போட்டுவிட்டேன். அதை உடைக்கத் தெரிந்தவன்தான் அவன். அதனால் மொட்டோடு தொட்டியைப் பெட்டியிலிருந்து தூக்கி, கீழே கொண்டுவந்து, கதவுக்குப் பக்கத்துத் திண்டின்மேல் வைத்திருக்கிறேன். கனமாகத்தான் இருந்தது. தலைக்கு மேல் ஒருதடவை தூக்கிப் பார்த்தேன்.

தூக்க முடிகிறது அத்தை.