கண்ணாடி துடைத்த எலி

12 நவம்பர் 1965, வெள்ளி. மாதுங்கா.

தூக்கம் வரவில்லை. இன்று எங்கள் கார்ட்டூன் படத்தைச் சர்க்கார் அதிகாரிக்குப் போட்டுக் காட்டினோம். தானியத்தைப் பதுக்காதே என்று சொல்லும் படம். கிடங்கு நிறையக் கோதுமையை அடைத்து வைத்துக்கொண்டு, "நாட்டில் பஞ்சமே இல்லை" என்று ஒரு எலி மைக்கில் பேசும். பேசுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைக்கும். எலியை வரைந்தவன் நான்.

அந்த இடத்தில் அதிகாரி படத்தை நிறுத்தச் சொன்னார். "இது நம்ம மந்திரிதானே?" என்று இந்தியில் கேட்டார்.

மந்திரியைக் கேலி செய்ததாக ஆனால் படம் அவ்வளவுதான். முதலாளி ராகவன் சார் எழுந்தார். பதில் சொல்வதற்கு முன், அவர் வழக்கப்படி, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.

அதிகாரி அவரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "அரே, இது நீங்கதானா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். படம் பாஸ்.

சார் சிரிக்கவில்லை. "சுந்தரம், நாளைக்குக் காலம்பற என் ரூமுக்கு வா" என்றார்.

வண்ணம் பூசும் தாராவி அருள்மணி மாடிப்படியில் என் தோளைப் பிடித்தான். "முதலாளியவே எலியாக்கிட்டீரே வே! உம்ம சீட்டு கிழிஞ்சுது."

பக்கத்தில் இருப்பவர்களின் சேஷ்டையைப் பார்த்து வரைவதுதான் கார்ட்டூன் போடும் எங்கள் ஆட்களின் பழக்கம். யார் நம்புவார்கள்? நான் சாரை வரையவில்லை. நியூஸ்ரீலில் மந்திரி கண்ணாடி துடைப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் வரைந்தேன். இதைச் சொன்னால் என் வேலை நிலைக்கும். ஆனால் மந்திரிக்குப் பயந்துபோய் சாரே படத்திலிருந்து எலியை வெட்டி எறிந்துவிடுவார்.

காலையில் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேதான் கேட்பார். அப்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடக் கூடாது.