காக்கை விரட்டுகிறவருக்கும் ஒரு பங்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். உங்கள் படத்துக்கு மாலை போட்டுவிட்டு அதற்குக் கீழே இவர்கள் செய்கிற காரியம் குமட்டுகிறது. கருவாட்டு வாடையில் வளர்ந்தவன் நான். இது வேறு குமட்டல்.

கடலுக்குப் போக முடியாத வயதில், நீங்களும் உங்கள் வயதுக்காரர்களும் மணமேல்குடிக் கரையில் சவுக்குக் கம்பு நட்டு, கிழிந்த வலைகளை இழுத்துக் கட்டி, மீன் காயவைக்கப் பரண் போட்டீர்கள். மணலில் படாமல் காய்ந்ததால், பல்லில் மண் கடிக்காத கருவாடு. வியாபாரிகள் தேடி வந்தார்கள். வருமானத்தை, படகுக்காரர்கள் பிரித்துக்கொள்கிற வள்ளத்துப் பங்கு போலவே பிரித்தீர்கள். மீன் கீறுகிற கருப்பாயி அத்தைக்கும், கண் மங்கிப்போய் நாற்காலியில் உட்கார்ந்து தகரம் தட்டிக் காக்கை விரட்டுகிற முத்தையா மாமாவுக்கும் ஒரே பங்கு.

போன வருடம் நகரத்திலிருந்து ஓர் அறக்கட்டளை வந்தது. முதியோர் தொழில்முனைவை வளர்க்கப் போகிறார்களாம்! இடம் உங்களுடையது என்பதால் எங்களைக் கேட்டார்கள்; உங்கள் மூன்று பிள்ளைகளும் சம்மதித்தோம். பரண்களைப் பிரித்து எறிந்துவிட்டு பிளாஸ்டிக் கூடாரம் போட்டார்கள். உள்ளே காக்கை வராது. அதனால் மாமா வேண்டாம்.

"காக்கா விரட்டுறதெல்லாம் ஒரு வேலையா சார்? அதுக்குப் போய் பங்கா?" என்றான் அறக்கட்டளையின் மேனேஜர்.

"ஒடம்புக்கு முடியாம கரையில கெடந்தவனுக்கும் வள்ளத்துல பங்கு வச்சவங்க நாங்க. ஒங்க ஆபீஸ்ல காய்ச்சல்னு படுத்தா சோத்தை நிறுத்திருவாங்களோ தம்பி?" என்றார் மாமா.

"மாமா, பெரியவங்க பேசுறப்ப சும்மா இருங்க." இதைச் சொன்னது உங்கள் பிள்ளைகளில் ஒருவன். அந்த இடத்திலேயே வயதில் பெரியவர் மாமாதான்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள், "கெஸ்ட் வாராங்க, கருவாட்டை அங்கிட்டு எடுத்துருங்க, வாடை ஆகாது" என்றார்கள்.

"கருவாட்டுக் கொட்டகையில கதம்பமா மணக்கும்?" என்று கேட்டார் அத்தை.

கூடாரமெங்கும் சென்ட் அடித்தார்கள். கிழவர்களுக்கு ஒரே நிறத்தில் பனியன் மாட்டி, வெறும் தட்டுகளின் முன்னால் நிறுத்திப் படம் பிடித்தார்கள். எங்கள் மூவருக்கும் மேடையில் சால்வை. பாதி காய்ந்தபடியே மூட்டை கட்டிய கருவாடு கூடாரத்துக்குப் பின்னால் புழு வைத்துக்கொண்டிருந்தது. அதை யாராவது படம் பிடித்தார்களா?

மாமாவுக்கு இப்போது பங்கு கிடையாது. மருமகள் கையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். மடியில் அந்தத் தகரம். "கை சும்மா இருக்க மாட்டேங்குது மாப்ள" என்கிறார்.

நேற்று அத்தையும் இன்னும் சில பேரும் பழைய கம்புகளைத் தேடி எடுத்து, உங்கள் இடத்திலேயே ஒரு பரண் கட்டிவிட்டார்கள். நிழலில் மாமாவின் நாற்காலியையும் போட்டாயிற்று. மேனேஜர் பிரிக்கச் சொல்கிறான். நாங்கள் மூவரும் தலையாட்டினால் பிரித்துவிடுவான்.

ஒரு தலை ஆடாது அப்பா. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இந்தக் கடிதம் பத்திரிகைக்கும், விழாவுக்கு வந்த விருந்தாளிகளுக்கும் இன்றே தபாலில் போகிறது. பெயர் போட்டால் அந்த ஒருவனை மட்டும் சமாதானப்படுத்த இன்னொரு சால்வையோடு வருவார்கள். அதனால் போடவில்லை. எவன் எழுதினான் என்று மூவர் முகத்தையும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளில் ஒருவன்